முழங்கால் மூட்டு மாற்று: உங்கள் எலும்புக்கென்றே செய்யப்படும் வெட்டு வழிகாட்டிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு முன் நோயாளியின் ஸ்கேனைக் கணினியில் எலும்பு வடிவமாக மாற்றி, அந்த எலும்பில் மட்டுமே பொருந்தக்கூடிய வெட்டு வழிகாட்டிகளை (பேச்சில் 'கைடு') வடிவமைப்பது என் வேலை. நான் பொறியாளர், மருத்துவர் இல்லை. ஸ்கேனுக்கு வருகிறவர்களும், அவர்களை அழைத்து வரும் பிள்ளைகளும், புதிதாக அறுவை அரங்கில் சேர்ந்த செவிலியர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை ஏறக்குறைய அவர்கள் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சிகிச்சை முடிவை உங்கள் மருத்துவரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பேச்சில் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவலாம்.

1. கைடு, கைடு என்கிறார்களே, அது என்ன பொருள்? உடம்புக்குள்ளேயே இருந்துவிடுமா?

இருக்காது. எலும்பை அறுக்கும் ரம்பம் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் செல்ல வேண்டும் என்று பிடித்துக்கொடுக்கும் கருவி அது. உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ள நைலான் துண்டுகளாக, தொடை எலும்புக்கு ஒன்றும் கீழ்க்கால் எலும்புக்கு ஒன்றும் இருக்கும். ஒரு பக்கம் உங்கள் எலும்பின் மேடுபள்ளங்களுக்கு நேர் எதிரான அச்சு, மறுபக்கம் ரம்பம் நுழையும் பிளவு. சில வகைகளில் பிளவு இருக்காது. உலோக ஊசிகளை எலும்பில் செலுத்தத் துளைகள் மட்டும் இருக்கும், பிறகு அந்த ஊசிகளின் மீது வழக்கமான உலோக வெட்டுச் சட்டத்தை மாட்டிக்கொள்வார்கள். சில நிமிட வேலை முடிந்ததும் கழற்றி எறிந்துவிடுவார்கள். ஒருவருக்குச் செய்தது இன்னொருவருக்கு உதவாது. அவருடைய மற்றொரு காலுக்கே உதவாது.

2. தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுப் புதிதை வைக்கப் போகிறார்கள். இதில் கோணம் எங்கிருந்து வந்தது?

முழு மூட்டையும் எடுப்பதில்லை. தொடை எலும்பின் கீழ் நுனியிலும் கீழ்க்கால் எலும்பின் மேல் நுனியிலும் ஏறத்தாழ 9 அல்லது 10 மி.மீ. தடிமனைச் சீவி, அந்த இடத்தில் உலோக உறையையும், இடையே பாலித்தீன் தட்டையும் பொருத்துகிறார்கள். செயற்கை மூட்டு எலும்பின் வெட்டுத்தளத்தின் மீது உட்காருகிறது. ஆகவே தளம் சாய்ந்தால் மூட்டும் சாயும், அதற்குக் கீழே உள்ள கால் முழுவதும் சாயும்.

இடுப்பு மூட்டுப் பந்தின் மையத்திலிருந்து கணுக்காலின் மையத்துக்கு ஒரு நூலைக் கட்டினால், நேரான காலில் அது முழங்காலின் நடுப்பகுதி வழியாகச் செல்லும். உடலின் பாரம் இறங்கும் கோடு இதுதான். தொடை எலும்பின் தண்டு இந்தக் கோட்டோடு ஒட்டிச் செல்வதில்லை. பெரும்பாலோருக்கு 5 முதல் 7 டிகிரி விலகி நிற்கிறது. கணக்காகப் பாருங்கள்: கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் சுமார் 70 மி.மீ. அகலம் என்றால், 1 டிகிரி பிழை என்பது ஒரு ஓரத்தில் 1.2 மி.மீ. உயர வேறுபாடு. அதே பிழை 3 டிகிரி ஆனால், முழங்காலிலிருந்து 38 செ.மீ. கீழே இருக்கும் கணுக்கால் ஏறத்தாழ 2 செ.மீ. இடம் மாறிவிடும். கண்ணால் மட்டும் பார்த்து வெட்டுகிற வேலை இல்லை என்பதற்கு இந்த இரண்டு எண்கள் போதும்.

3. இத்தனை நாள் இது இல்லாமல்தானே செய்தார்கள்? அப்போது எப்படி அளந்தார்கள்?

இன்றும் பெரும்பாலான அறுவைகள் அந்தப் பழைய முறையில்தான், நன்றாகவே, நடக்கின்றன. தொடை எலும்பின் நடுக்குழாயில் துளையிட்டு ஒரு நீண்ட கம்பியைச் செலுத்தி, அந்தக் கம்பியிலிருந்து மேலே சொன்ன 5 முதல் 7 டிகிரிக்குள் ஒரு கோணத்தை எக்ஸ்ரே பார்த்துத் தேர்ந்தெடுத்து வெட்டுச் சட்டத்தைப் பூட்டுவார்கள். கீழ்க்காலுக்கு வெளியே கணுக்காலில் கவ்விய ஒரு கம்பியைத் துணைகொள்வார்கள். எலும்பின் தண்டு நேராக இருக்கும்வரை இதில் குறை சொல்ல அதிகம் இல்லை.

தண்டே வளைந்திருந்தால்தான் சிக்கல். நம் ஊர் உட்பட ஆசிய நாட்டு நோயாளிகள் பலருக்குத் தொடை எலும்பு வெளிப்புறமாக வளைந்திருப்பதைக் காண்கிறோம். வளைந்த குழாயில் நேரான கம்பி எந்தத் திசையைக் காட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எலும்பின் வெளிப்பரப்பையே ஆதாரமாகக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு ஜெர்மனியின் ஆகன் நகரில் கிளவுஸ் ராடர்மாகர் குழுவினர் 1990-களில் வடிவம் கொடுத்தார்கள். ஸ்கேனிலிருந்து தனிநபர் அச்சுகளை உருவாக்குவது குறித்த அவர்களுடைய கட்டுரை 1998-இல் வந்தது. அதற்கடுத்த பத்தாண்டுகளில் செயற்கை மூட்டு நிறுவனங்கள் பலவும் தங்களுக்கென ஒரு வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தன.

4. ஒரு டாக்டர் சி.டி. எடுக்கச் சொன்னார், இன்னொருவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். எது சரி?

இரண்டும் சரிதான். ஆனால் ஒன்றுக்கு எடுத்ததை மற்றொன்றுக்குப் பயன்படுத்த முடியாது. சி.டி.யில் எலும்பு மிகத் தெளிவாகத் தெரியும், அதன் மேல் படிந்த குருத்தெலும்பு தெரியாது. எனவே சி.டி.யிலிருந்து செய்த கைடு வெற்று எலும்பைத் தொட்டு உட்காரும்படி வடிவமைக்கப்படுகிறது; அது தொடும் இடங்களில் மிச்சமிருக்கும் குருத்தெலும்பை மருத்துவர் சுரண்டி எடுத்துவிட வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் குருத்தெலும்பும் தெரிவதால் அந்தக் கைடு அதன் மீதே உட்காரும். அங்கே சுரண்டினால் பொருத்தம் கெட்டுவிடும். இரண்டு முறைகளையும் மாறி மாறிப் பயன்படுத்தும் அரங்குகளில் எந்தக் கைடு எந்த ஸ்கேனிலிருந்து வந்தது என்பதைப் பலகையில் எழுதிவைப்பது நல்ல வழக்கம்.

சி.டி. சில நிமிடங்களில் முடியும், ஆனால் கதிர்வீச்சு உண்டு. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, ஆனால் நேரம் அதிகம். சில வகைப் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு எடுக்க முடியாது. எம்.ஆர்.ஐ. முறையில் பல நிறுவனங்கள் நின்ற நிலையில் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை எடுத்த நீள எக்ஸ்ரேயையும் சேர்த்துக் கேட்கும்.

5. ஸ்கேன் மேசையில் காலை அசைக்கக் கூடாது என்று ஏன் அவ்வளவு கண்டிப்பு? ஒரு நிமிடம் அசைத்தால் என்ன ஆகிவிடும்?

சி.டி.யில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் ஒரே படுக்கையில் அடுத்தடுத்து எடுக்கிறார்கள். மூன்றும் ஒரே நிலையில் இருந்தன என்று நம்பித்தான் நாங்கள் இரண்டாம் கேள்வியில் சொன்ன நூலைக் கட்டுகிறோம். இடுப்பை எடுத்த பிறகு நீங்கள் காலை லேசாகத் திருப்பிவிட்டால், மூன்று படங்களும் தனித்தனியே பார்க்கத் துல்லியமாகவே இருக்கும். அவற்றை இணைக்கும் கோடு மட்டும் பொய்யாகிவிடும். எங்களைப் போன்றவர்கள் அஞ்சுவது மங்கலான படத்துக்கு இல்லை; மங்கலாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். அழகாக இருக்கும் தவறான படத்துக்குத்தான் அஞ்சுகிறோம்.

வலியால் காலை நீட்டி வைக்க முடியவில்லை என்றால் அதை ஸ்கேன் அறையில் சொல்லிவிடுங்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு தாங்கலை வைத்து, பட்டையால் கட்டி எடுக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்து, பாதியில் துள்ளிவிடுவதைவிட அது மேல். அசைந்துவிட்டீர்கள் என்றாலும் சொல்லிவிடுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

6. ஸ்கேன் முடிந்தும் மூன்று நான்கு வாரம் காத்திருக்கச் சொல்கிறார்களே, அவ்வளவு நாள் என்னதான் செய்கிறீர்கள்?

முதலில் நூற்றுக்கணக்கான படத் துண்டுகளில் எலும்பின் எல்லையை வரைந்து முப்பரிமாண வடிவமாக்குகிறோம். மென்பொருள் பெரும்பகுதியைத் தானாகச் செய்தாலும், எலும்போடு எலும்பு உரசும் தேய்ந்த மூட்டில் ஓர் எலும்பு முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தை மனிதக் கண்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பிறகு இடுப்புப் பந்தின் மையம், கணுக்காலின் மையம், தொடை எலும்பின் இரு பக்க முகடுகள் போன்ற அடையாளப் புள்ளிகளைக் குறிக்கிறோம். இந்தப் புள்ளிகளில்தான் கோணங்கள் அனைத்தும் தொங்குகின்றன.

அடுத்து, எந்த அளவு செயற்கை மூட்டு, எவ்வளவு தடிமன் வெட்டு, எத்தனை டிகிரி சுழற்சி, கீழ்க்கால் தளத்துக்குப் பின்பக்கம் எவ்வளவு சரிவு என்ற திட்டத்தை வரைந்து அறுவை மருத்துவருக்கு அனுப்புகிறோம். அவர் ஒப்புதல் தந்த பிறகே அச்சு. எங்கள் திட்டம் ஒரு முன்வரைவுதான். திருத்தாமல் அப்படியே ஒப்புதல் பொத்தானை அழுத்தும் மருத்துவரைவிட, இரண்டு முறை திருப்பி அனுப்பி என்னை எரிச்சலூட்டும் மருத்துவரிடம்தான் என் அம்மாவை அனுப்புவேன். அச்சு, தூள் நீக்கம், அளவுச் சோதனை, அனுப்புதல் எல்லாம் சேர்ந்து மீதி நாட்களை எடுத்துக்கொள்கின்றன. வெளிநாட்டில் அச்சிடப்படுவதானால் இன்னும் நீளும்.

7. என் மகன் கல்லூரியிலேயே முப்பரிமாண பிரிண்டர் இருக்கிறது. அதில் அடித்துக்கொண்டால் செலவு மிச்சம்தானே?

கல்லூரி பிரிண்டர்களில் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். அறுவைக் கருவிகளை ஆட்டோகிளேவில் 134 டிகிரி நீராவியில் கிருமி நீக்கம் செய்கிறார்கள். அந்தக் கைடு உள்ளே போகும்போது இருந்த வடிவத்தில் வெளியே வராது. லேசரால் நைலான் தூளை உருக்கி இறுக்கும் முறையில் செய்தவை அந்த வெப்பத்தைத் தாங்குகின்றன. உங்கள் எலும்பின் மாதிரியை வீட்டில் அச்சிட்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை. பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

8. கைடு சரியாக உட்கார்ந்ததா இல்லையா என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கைடின் துல்லியம் கணினியில் முடிந்துவிடுவதில்லை. எலும்பின் மீது அது அமரும் அந்தச் சில நொடிகளில்தான் உறுதியாகிறது அல்லது பறிபோகிறது. ஓர் ஓரத்தில் வெறும் 1 மி.மீ. தூக்கிக்கொண்டு நின்றால், 70 மி.மீ. அகலத்தில் அது 0.8 டிகிரி பிழை. இடையே சிக்கிய கொழுப்போ சவ்வோ இதைச் செய்துவிடும்.

தேய்ந்த மூட்டின் ஓரங்களில் எலும்பு முளைகள் வளர்ந்திருக்கும். வழக்கமான அறுவையில் அவற்றைத் தொடக்கத்திலேயே நீக்கிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. ஸ்கேனில் அந்த முளைகளும் சேர்ந்துதான் பதிவாகியிருக்கின்றன என்பதால், கைடு பெரும்பாலும் அவற்றின் மீதே பிடிமானம் கொள்கிறது. முளையைத் தட்டிவிட்டுக் கைடை வைத்தால் அது ஆடும், அல்லது இரண்டு இடங்களில் பொருந்துவதுபோல் ஏமாற்றும். கைடோடு உங்கள் எலும்பின் மாதிரியையும் அனுப்புவதற்குக் காரணம் இதுதான்: மருத்துவர் முதலில் மாதிரியில் பொருத்திப் பார்த்து, விரல் உணர்ந்த அதே பிடிமானத்தை உண்மையான எலும்பிலும் தேடுகிறார். தொடை எலும்பின் நுனி முண்டும் முடிச்சுமாக இருப்பதால் அங்கே கைடு எளிதில் தன் இடத்தைக் கண்டுகொள்ளும். கீழ்க்கால் எலும்பின் மேல்தளமும் முன்பக்கமும் வழவழப்பானவை, சதையும் அதிகம். தவறு பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது.

வெட்டுவதற்கு முன் கைடில் ஒரு கம்பியை மாட்டி, அது கணுக்காலின் நடுவை நோக்கித் தொங்குகிறதா என்று பார்ப்பார்கள். வெட்டிய பிறகு, சீவி எடுத்த எலும்புத் துண்டின் தடிமனைக் காலிப்பரால் அளந்து, ரம்பம் தின்ற ஒரு மி.மீ. சொச்சத்தையும் கூட்டி, திட்டத்திலுள்ள எண்ணோடு ஒப்பிடுவார்கள். இந்த இரண்டு சோதனைகளையும் செய்கிறாரா என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

9. ரோபோ வைத்துச் செய்கிறோம் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

நோக்கம் ஒன்று, வழி வேறு. கைடில் திட்டம் நைலானில் உறைந்துவிட்டது. அறுவை நடுவில் 1 டிகிரி மாற்ற வேண்டுமென்றாலும் அதனால் முடியாது. ரோபோவில் எலும்பில் பொருத்திய குறிகளைக் கேமரா தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதால், மூட்டைப் பிணைக்கும் நார்களின் இறுக்கத்தைப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே திட்டத்தைத் திருத்தலாம். மேக்கோ ரோபோவுக்கு முழு மூட்டு மாற்றுக்கான அனுமதி அமெரிக்காவில் 2015-இல் கிடைத்தது. அதற்கும் முன்கூட்டிய சி.டி. தேவை. விலையும் அடைக்கும் இடமும் ரோபோவுக்குத்தான் மிக அதிகம்; கைடோ ஓர் உறையில் வந்து சேரும்.

10. வளைந்த காலை நேராக்கிவிட வேண்டும் என்கிறார் ஒருவர். பிறவியில் இருந்த வளைவு இருக்கட்டும் என்கிறார் மற்றொருவர். கைடு எதைச் செய்யும்?

கைடுக்குச் சொந்தக் கருத்து இல்லை. நீங்கள் சொல்லும் இரண்டையும் அது செய்யும். நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் முறை, இரண்டு வெட்டுத்தளங்களையும் பாரக்கோட்டுக்குச் செங்குத்தாக வைத்துக் காலை நேராக்குவது. இயல்பான கீழ்க்கால் எலும்பின் தளமோ உட்புறமாக ஏறத்தாழ 3 டிகிரி சரிந்திருக்கிறது. தேய்மானத்துக்கு முன் அந்த நபருக்கு இருந்த சரிவை மீட்டால் நார்களைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை என்பது இரண்டாவது தரப்பின் வாதம்.

இரு பக்கமும் சான்றுகள் உண்டு. 1991-இல் ஜெஃப்ரியும் உடனாளர்களும் 115 மூட்டுகளை ஆராய்ந்தபோது, பாரக்கோடு முழங்காலின் நடுப்பகுதி வழியாகச் சென்றவற்றில் 3 சதவீதமும், விலகிச் சென்றவற்றில் 24 சதவீதமும் தளர்ந்திருந்தன. 3 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்ற விதி வலுப்பட்டது இதுபோன்ற ஆய்வுகளால்தான். ஆனால் 2010-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து 398 மூட்டுகளின் 15 ஆண்டு நிலவரத்தை வெளியிட்டவர்கள், 3 டிகிரிக்குள் இருந்தவை மற்றவற்றைவிடக் கூடுதலாக நீடித்ததாகக் காணவில்லை. முந்தைய ஆய்வில் இருந்தவை பழைய வடிவ மூட்டுகள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மிகப் பெரிய விலகல் கெடுதல் என்பதில் சண்டை இல்லை. ஓரிரு டிகிரியில்தான் சண்டை.

11. "தனிப்பயன் கைடு, அதனால் இயற்கை மூட்டு போலவே இருக்கும்" என்று விளம்பரத்தில் பார்த்தேன். உண்மையா?

நான் இந்த வேலையில் சம்பளம் வாங்குகிறவன். இருந்தாலும் அப்படிச் சொல்ல மாட்டேன். வழக்கமான கருவிகளோடு ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், காலின் மொத்தக் கோணம் 3 டிகிரிக்கு மேல் விலகிய நோயாளிகளின் பங்கு கைடால் குறைந்ததாக உறுதியாகக் காணவில்லை. கீழ்க்கால் எலும்பில் விலகல் சற்றுக் கூடியதாகச் சொன்ன தொகுப்புகளும் உண்டு. அதன் காரணத்தை எட்டாம் பதிலிலேயே பார்த்தோம். வலி, நடை, மடக்கும் அளவு ஆகியவற்றிலும் நோயாளி உணரக்கூடிய வேறுபாடு தெரியவில்லை.

எந்த முறையில் செய்தாலும், மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழு நிறைவோடு இல்லை என்று நெடுநாளாகவே பதிவாகி வருகிறது. எலும்பு வெட்டு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் கைடு அதைத் தீர்த்திருக்கும். நார்களின் சமநிலை, தொடைத் தசையின் வலு, முட்டிச் சில்லின் நகர்வு, அறுவைக்குப் பின் செய்யும் பயிற்சி என்று பலவும் அதில் பங்கேற்கின்றன. இவற்றில் ஒன்றையும் நைலான் துண்டு தொடுவதில்லை.

12. பிறகு எதற்காகப் பயன்படுத்துகிறார்கள்? யாருக்கு உண்மையிலேயே உதவும்?

மூன்றாம் பதிலில் சொன்ன கம்பியை நுழைக்க முடியாதவர்களுக்கு. பழைய விபத்தில் தொடை எலும்பு முறிந்து கோணலாகக் கூடியவர்கள், முறிவுக்கு வைத்த நீண்ட கம்பி இன்னும் குழாய்க்குள் இருப்பவர்கள், இடுப்பு மூட்டை ஏற்கெனவே மாற்றி அதன் நீண்ட தண்டு கீழிறங்கி நிற்பவர்கள், தொடை எலும்பு நன்றாக வளைந்தவர்கள் ஆகியோருக்கு இது வெறும் வசதி மட்டும் இல்லை; சிலருக்கு இதுவும் கணினி வழிகாட்டலும் மட்டுமே வழி. குழாயைத் திறக்காததால் எலும்பு மஜ்ஜைக் கொழுப்பு இரத்தத்தில் கலக்கும் அபாயமும் குறைகிறது.

மற்றொரு பயன் அரங்குக்கு. திட்டத்தில் அளவு முன்பே தெரிவதால், கருவித் தட்டுகள் குறைவாகத் திறக்கப்படுகின்றன. இரண்டு கால்களையும் ஒரே நாளில் செய்யும் வழக்கம் பரவலாக உள்ள நம் மருத்துவமனைகளில் கிருமி நீக்கப் பிரிவுக்கு அது பெரிய நிம்மதி. மாறாக, ஏற்கெனவே மாற்றிய மூட்டை மறுபடியும் மாற்றும் அறுவைக்கு இது பொதுவாக ஒத்துவராது. கைடு பிடித்துக்கொள்ள அங்கே பழைய எலும்புப் பரப்பே இருக்காது. முழங்காலை ஒட்டி உலோகத் தகடு இருந்தாலும் ஸ்கேனில் கீற்றுகள் விழுந்து எல்லையைக் கெடுக்கும்.

13. வெளிநாட்டில் இந்தக் கைடுகளைத் திரும்பப் பெற்றார்கள், வழக்கும் நடந்தது என்று கேள்விப்பட்டேனே?

உண்மை. அமெரிக்காவில் ஓட்டிஸ்மெட் என்ற நிறுவனம் 2006 முதல் அரசு அனுமதி இல்லாமலேயே ஆயிரக்கணக்கான கைடுகளை விற்றது. 2009 செப்டம்பரில் அனுமதி மறுக்கப்பட்ட பிறகும் இருநூற்றுக்கு மேற்பட்டவற்றை அனுப்பியது. 2014 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 8 கோடி டாலருக்கு மேல் செலுத்த நேர்ந்தது. இதற்கிடையே ஸ்டிரைக்கர் நிறுவனத்தின் ஷேப்மேட்ச் கைடுகள், மென்பொருள் கோளாறால் மருத்துவர் ஒப்புதல் தந்த அளவோடு பொருந்தாமல் போகக்கூடும் என்பதற்காகத் திரும்பப் பெறப்பட்டன. 2013-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதை மிகக் கடுமையான முதல் வகையில் சேர்த்தது.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது நடைமுறை சார்ந்த ஒன்று. கைடின் மீது பொறிக்கப்பட்ட பெயர், பக்கம், கோணம் ஆகியவற்றை ஒப்புதல் தந்த திட்டத்தாளோடு அரங்கில் ஒருவர் உரக்கப் படித்து ஒப்பிட வேண்டும்.

14. ஸ்கேன் எடுத்து ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது. சர்க்கரை குறையாததால் தள்ளிப்போட்டார்கள். அதே கைடு ஆகுமா?

பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் போனால் புதிய ஸ்கேன் கேட்பார்கள். கைடு கெட்டுப்போவதில்லை, உங்கள் எலும்பு மாறிவிடுகிறது. தேய்மானமும் முளைகளும் இடைப்பட்ட காலத்தில் நகர்ந்திருந்தால், எட்டாம் பதிலில் சொன்ன பிடிமானம் கிடைக்காது. விழுந்து அடிபட்டிருந்தால் ஆறு மாதம் ஆகும்வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

15. செலவு எவ்வளவு கூடும்? மூட்டு விலையை அரசு கட்டுப்படுத்தியிருக்கிறதே?

2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுக்கு உச்ச விலை விதித்தது. அன்றைய அறிவிப்பில் பரவலாகப் பயன்படும் கோபால்ட்-குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், வரி தனி. அந்த வரம்பு மூட்டுக்கு உரியது. கைடு, ஸ்கேன், திட்டமிடல் ஆகியவை எந்தத் தலைப்பில், எவ்வளவு என்று மதிப்பீட்டுத் தாளில் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். காப்பீடு உள்ளவர்கள் அந்தத் தாளோடு காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

16. சம்மணம் போட்டு உட்கார முடியுமா?

கைடு இதை முடிவு செய்வதில்லை. அறுவைக்கு முன் உங்களால் எவ்வளவு மடக்க முடிந்தது, எந்த வகை மூட்டு, எவ்வளவு பயிற்சி செய்தீர்கள் என்பவைதான் முடிவு செய்கின்றன. உட்கார முடிந்தாலும் உட்காரலாமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

17. அம்மாவின் அறுவைக் குறிப்பில் "கைடு கைவிடப்பட்டது, வழக்கமான கருவி பயன்படுத்தப்பட்டது" என்று இருக்கிறது. பணம் வாங்கிவிட்டு ஏமாற்றிவிட்டார்களா?

அந்த வரியைப் பார்த்தால் எனக்கு அந்த மருத்துவர் மீது மதிப்புதான் கூடும். கைடு ஆடியிருக்கலாம், தொங்கவிட்ட கம்பி கணுக்காலின் நடுவைக் காட்டாமல் இருந்திருக்கலாம், சீவிய துண்டின் தடிமன் திட்டத்தோடு ஒத்துப்போகாமல் இருந்திருக்கலாம். அந்த நிலையில் காசு கொடுத்துச் செய்ததாயிற்றே என்று அதையே பிடித்துக்கொண்டு வெட்டுவதுதான் தவறு. இப்படி நேரக்கூடும் என்பதால்தான் வழக்கமான கருவித் தட்டையும் கிருமி நீக்கி அரங்கில் தயாராக வைத்திருக்கிறார்கள். என்ன காரணத்தால் கைவிட்டார்கள் என்று மறுபரிசோதனைக்குச் செல்லும்போது கேளுங்கள். காரணத்தை எங்களுக்கும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஸ்கேனைத் திறந்து, எந்த எல்லையை நாங்கள் பிழையாக வரைந்தோம் என்று பார்க்க வேண்டியிருக்கும்.